முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதானா?

"முதுகுல மட்டும் கத்தி வைக்க விட்டுடாதே, அப்புறம் படுத்த படுக்கைதான்." டிஸ்க் தொந்தரவு உள்ளவர் யாரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. எல்4-எல்5 எனும் இடுப்பு எலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கி, பல வருடங்களாக வலியோடு காலம் தள்ளியவன் நான். இப்போது வலது கால் கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போய், அறுவை சிகிச்சைக்குத் தேதியும் வாங்கியாகிவிட்டது. சித்தப்பாவிலிருந்து பால்காரர்வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்கு அவர்கள் காட்டும் காரணம் ஒன்றும் நிற்கவில்லை.

"தண்டுவடத்தில் கை பட்டால் கால் போய்விடும்" என்பது முதல் காரணம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது திரவத்தில் மிதக்கும் நரம்புக் கொத்து. டிஸ்க் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை நடக்கும் எல்4-எல்5, எல்5-எஸ்1 இடங்களில் தண்டுவடமே கிடையாது. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நரம்பைச் சுற்றிய உறை கிழியலாம், கிருமி தொற்றலாம், அபூர்வமாக ஒரு நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கலாம். இவற்றைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆனால் இரண்டு காலும் விழுந்துவிடும் என்று பயப்படுவது வேறு கணக்கு. அறுவை மருத்துவர்களான யாசர்கில்லும் காஸ்பரும் மைக்ரோஸ்கோப் வழியாக டிஸ்க்கை எடுக்கும் முறையை எழுதி வெளியிட்டது 1977இல். இன்று சிறிய கீறலில் முடித்து, அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வைக்கிறார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தர் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்துட்டார்" என்பது அடுத்தது. இந்த ஒருத்தர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவருக்கு என்ன நோய் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரிவதில்லை. முதுகெலும்புக் காசநோயா, கட்டியா, மரத்திலிருந்து விழுந்த அடியா? இப்படிப்பட்டவர்களில் பல பேர் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கால் மரத்துப்போய், தூக்கித்தான் கொண்டுவரப்படுகிறார்கள். அந்த முடக்கமும் கத்தியின் கணக்கில் எழுதப்படுகிறது. டிஸ்க் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவரோ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆகவே யாராவது உதாரணம் சொன்னால் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் நடந்தாரா?

"சும்மா இருந்தாலே சரியாகிவிடும்" என்பதில் பாதி உண்மை உண்டு. பிதுங்கிய ஜவ்வைப் பெரும்பாலும் உடம்பே மெல்லக் கரைத்துவிடும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து அலறவும் வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. கால் வலிக்குச் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களும் காத்திருந்தவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலைக்கு, 95 சதவீதம் தேறும் அளவுக்கு, வந்துவிட்டார்கள். அறுவை செய்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள்ளேயே அறுவை மேஜைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வலி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். விரல் தூக்க வரவில்லை, பாதம் தரையில் இழுபடுகிறது என்றால் அந்தச் சலுகை குறைந்துகொண்டே வரும். 'சும்மா' என்றால் பாய் விரித்துப் படுப்பதும் அல்ல. படுத்தே கிடப்பது முதுகுக்கு உதவாது என்பது 1980களிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

"பண்ணினாலும் திரும்ப வரும்." வரலாம். மிச்சமிருக்கும் ஜவ்வு மறுபடி பிதுங்கும் வாய்ப்பு உண்டு. காலுக்கு இறங்கும் வலி போவதுபோல இடுப்பு வலி போவதில்லை என்பதும் நிஜம். எனக்கு அதைச் சொல்லித்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். திரும்ப வந்தாலும் பெரும்பாலும் வலிதான் வரும், முடக்கம் அபூர்வம்.

"தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்?" இதுதான் மிக ஆபத்தானது. கழுத்துக்கு வந்தால், அங்கே தண்டுவடம் நசுங்குபவருக்குப் பல சமயம் பெரிதாக வலியே இருக்காது. சட்டைப் பொத்தான் போட வராது, பிசைந்த சோறு விரலிடுக்கில் நழுவும், செருப்பு கழன்றது தெரியாமலே நாலு அடி நடந்திருப்பார். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அங்கே அறுவை சிகிச்சை முக்கியமாகச் செய்வது மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. போன பலம் முழுக்கத் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. படுத்த படுக்கைக்குப் பயந்து கத்தியை ஒதுக்குகிறவர் படுக்கைக்கே போய்ச் சேருவது இப்படித்தான்.

இடுப்பிலும் தள்ளிப்போடக் கூடாத நேரம் உண்டு. டிஸ்க் தொந்தரவு உள்ளவருக்குத் திடீரென்று சிறுநீர் வராமல் நின்றாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை ஓ.பி. சீட்டுக்காகக் காத்திருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம்.