வரியைப் பெயர்த்து எழுதினால் போதுமா?



தேர்வுக் காலம் நெருங்க நெருங்க, பத்தாம் வகுப்புப் பெற்றோரின் கடிதங்கள் குவிகின்றன. "பாடத்தையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறான். பார்க்காத ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தால் விழிக்கிறான்" என்பதே பலரின் குறை. சொல்வளம் போதவில்லை என்று நினைத்து அகராதி வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு.

அகராதி நல்லதுதான். ஆனால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதென்று பார், அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுது என்றுதான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். 'யார்', 'எங்கே', 'எப்போது' என்ற கேள்விகளுக்கு இது பலிக்கும். 'ஏன்' என்று கேட்டால் காலை வாரிவிடும்.

2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. அயர்லாந்து எழுத்தாளர் லியம் ஓ'ஃப்ளாஹர்ட்டி எழுதிய கதை. பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே நிற்கிறது ஒரு கடற்பறவைக் குஞ்சு. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துவிட்டன. இதற்கோ கொலைப்பசி. தாய் அலகில் மீனோடு பறந்து வருகிறது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில், சிறகசைக்காமல் அப்படியே நின்றுவிடுகிறது.

தாய் ஏன் நின்றது? ஆங்கிலத்தில் கேளுங்கள், மீன் என்ற சொல் வரும் வரி ஒன்று விடைத்தாளில் வந்து உட்காரும். அதே பிள்ளையிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள்: "பசி தாங்காம தானா பறக்கட்டும்னுதான் மிஸ்!" என்பாள். காரணத்தைச் சொல்லும் வரி கதையில் எங்குமே இல்லை. அவள் ஊகித்துவிட்டாள். வாசித்துப் புரிந்துகொள்வது என்று நாம் தேடுகிற திறமை அதுதான். அதை ஆங்கில வாக்கியமாக்குவது அடுத்த வேலை. அதனால், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்கிற பள்ளிகள்மீது எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

வீட்டில் செய்ய எளிய வழி ஒன்று. இதுவரை பார்க்காத சிறு பத்தியைக் கொடுங்கள். முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். 'இட்', 'தே', 'திஸ்' வரும் இடங்களில் நிறுத்தி, எதை அல்லது யாரைக் குறிக்கிறதென்று கேளுங்கள். 'பட்', 'தோ' வந்தால் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பேச்சு திசை மாறும் இடம் அது, பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குவதும் அங்கேதான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்லட்டும். அதன்பின் விடை எழுதட்டும்.

தேர்வைப் பொறுத்தவரை, மொழிப்பாடம் ஒவ்வொன்றின் இரண்டு தாள்களும் 2019-20இல் ஒன்றாக்கப்பட்டன. இப்போது ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணில் ஒரே தாள்தான். மனப்பாடத்தை நம்பி அதில் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம். பார்க்காத பத்தி மட்டும் அதற்கு மசியாது.

இந்த இதழிலிருந்து, மாதம் ஒரு பத்தியும் நான்கு கேள்விகளும் தருகிறோம். நான்கும் 'ஏன்' கேள்விகளே. விடைகள் அடுத்த இதழில்தான் வரும். அதுவரை கைடைத் தேடவேண்டாம், எந்தக் கைடிலும் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்