கடலிற் சேரும் நீர் வீணா?

எமது பாடசாலைகளிலே நீர்வளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவருட் பெரும்பாலோர் ஒரு வாக்கியத்தைத் தவறாது எழுதுவர்: ‘ஆற்றுநீர் ஆண்டுதோறும் வீணாகக் கடலிற் கலக்கின்றது.’ அமைச்சர் மேடையிலே முழங்குவதும் இதுவே. திட்ட அறிக்கையின் முகவுரை சொல்வதும் இதுவே. மழைநீரிற் சிறிதளவேனும் மனிதனுக்குப் பயன்படாமற் கடலை அடைதலாகாது என 12ஆம் நூற்றாண்டிலே பராக்கிரமபாகு பணித்தான் என்ற செய்தியும் துணைக்கு அழைக்கப்படும். மன்னனோடு நாம் வழக்காட வரவில்லை. ஒரு கேள்வியை மட்டும் எழுப்ப விரும்புகிறோம். மனிதனுக்கு என்றால் எந்த மனிதனுக்கு? கொட்டியாரக் குடாவிலே வலை வளைக்கும் மூதூர் மீனவனும், தம்பலகாமக் குடாவிலே இறால் பிடிக்கும் கிண்ணியாத் தொழிலாளியும் அந்தக் கணக்கிற் சேர்ந்தவர்களா, அல்லரா?

அவ்வாக்கியம் அறிவியலுக்கும் ஒவ்வாது, நீதிக்கும் ஒவ்வாது என்பதே எமது வாதம்.

மகாவலியை எம் பகுதி மக்கள் கங்கை என்றே அழைப்பர். 335 கிலோமீற்றர் நீளம்; இலங்கை நிலப்பரப்பின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிலே பெய்யும் மழை அதன் வழியே வடிகின்றது. மலைநாட்டிலே பிறந்து வடகிழக்கே வரும் அந்த ஆற்றின் ஒரு கிளை வெருகலாறாகப் பிரிய, மற்றது கொட்டியாரக் குடாவிலே விழுகின்றது. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எமது மாவட்டத்துக்கு மழை தருவது வாடைக்காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே கச்சான் காற்று வீசும், தரை வெடிக்கும், கிணறு அடியைக் காட்டும். அதே மாதங்களிலேதான் கங்கையின் தலைப்பகுதியிலே தென்மேற்குப் பருவமழை கொட்டுகின்றது. தலவாக்கலையிலே தோட்டத் தொழிலாளியின் லயத்துத் தகரத்தில் விழுந்த மழை, எம்மிடம் மழையே இல்லாத காலத்தில் மூதூரின் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த ஏற்பாட்டை எந்தப் பொறியியலாளனும் வகுக்கவில்லை.

வந்து சேர்ந்தது நீர் மட்டுமா? ஆறு என்பது நீர் ஓடும் வாய்க்காலன்று. மேற்புறத்துச் சிற்றோடையிலே விழுந்த இலை பூஞ்சணத்தால் மெதுவாகி, பூச்சிகளின் குடம்பிகளால் கடித்து நொறுக்கப்பட்டு, துகளாகிக் கீழே வருகின்றது. அத்துகளை வடித்துண்ணும் உயிர்கள் கீழ்ப்பகுதியிலே காத்திருக்கின்றன. பாறையைக் கரைத்த சிலிக்கா வருகின்றது. நைதரசனும் பொசுபரசும் வண்டலோடு வருகின்றன. கழிமுகத்திலே பாரம் குறைந்த நன்னீர் மேலே படர, உப்புநீர் கீழே உட்புகுகிறது. இரண்டும் கலக்கும் வரம்பிலே நுண்பாசி செழிக்கும். கண்டல் வேருக்கிடையிலே குஞ்சுகள் ஒதுங்கும். தம்பலகாமக் குடாவின் சேற்றிலே கண்ணாடிபோன்ற மெல்லிய தட்டைச் சிப்பிகள் வாழ்ந்து, முத்துக்குளிப்புக்கே இடந்தந்தன. அதுபற்றி ஜேம்ஸ் ஹோர்னல் 1906இல் ஓர் அறிக்கையே எழுதினார். அத்தகைய உயிர்களுக்கு நன்னீர் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. வேண்டியது அளவும் காலமும்.

ஆற்று இறாலை எடுத்துக்கொள்வோம். நன்னீரிலே வளர்ந்து கொழுப்பது அது. ஆயினும் முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சு உவர்நீர் இன்றிப் பிழையாது. ஆகவேதான் வரண்ட வலயக் குளங்களிலே இறால் வேண்டுமாயின், பொரிப்பகத்திலே வளர்த்த குஞ்சைக் கொண்டுபோய் மீண்டும் மீண்டும் விடவேண்டியிருக்கிறது. குளத்துக்குள் அது பெருகுவதில்லை. விலாங்கோ இதற்கு நேர்மாறு. ஆழ்கடலிலே பிறந்து, கண்ணாடிக் குஞ்சாக ஆற்றில் ஏறி, ஆண்டுக்கணக்காக நன்னீரில் வளர்ந்து, ஈனுவதற்கு மறுபடியும் கடலுக்குச் செல்லும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று அதனைப் பழிக்கின்றோம். ஆயினும் ஆறும் கடலும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்பதை அறிந்த வகையில், அது எமது திட்டக்காரரிலும் தெளிவுடையது.

இனித் திட்டத்துக்கு வருவோம். மகாவலிப் பெருந்திட்டம் 1968இல் முப்பது ஆண்டு காலத்துக்கென வகுக்கப்பட்டது. பொல்கொல்ல அணை 1976இல் ஆற்றின் ஒரு பகுதியை மலையைக் குடைந்து அம்பன் கங்கைப் பக்கம் திருப்பியது. 1977இல் ஆட்சிக்கு வந்தோர் முப்பது ஆண்டை ஆறாகச் சுருக்கினர். 1985இல் விக்ரோறியாவும் கொத்மலையும், 1986இல் ரந்தெனிகலவும் எழுந்தன, 2018இல் மொரகாகந்த. நெல் விளைந்தது, மின்சாரம் வந்தது. இவற்றை மறுப்பவன் மூடன். அணையை வெறுப்போர் அல்லேம் நாம். இன்னும் சொல்லப்போனால், திருகோணமலை நகரத்தின் குழாயிலே வருவது கந்தளாய்க் குளத்து நீர். அம்பன் கங்கைக்குத் திருப்பிய நீரும் மின்னேரியா, கவுடுல்ல வழியாகக் கந்தளாயை வந்தடைகின்றது. அந்நீரையே நாமும் குடிக்கின்றோம்.

உடனே எதிர்வாதி துள்ளி எழுவான். ‘கந்தளாயின் வடிநீர் தம்பலகாம வயல்களூடாகக் குடாவிலேதானே விழுகின்றது? ஒரு வாசலால் எடுத்ததை மறு வாசலால் கொடுத்தாயிற்று; பிறகென்ன கூக்குரல்?’ என்பான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. குளத்தை ஒரு தொட்டி என்று எண்ணுவோருக்கு இதற்கு மறுமொழியும் இல்லை. ஆனால் குளம் தொட்டியன்று.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் யார் என்பதில் எமக்குள் நெடுங்கால வழக்கு உண்டு. எம்மவர் மரபு அதனைக் குளக்கோட்டனுக்கு உரிமையாக்கும். சூளவம்சம் இரண்டாம் அக்கபோதிக்கு உரிமையாக்கும். அவ்வழக்கிலே செலவான மையில் நூறில் ஒரு பங்கேனும், அந்தக் குளத்தின் நீருக்குள்ளே நடப்பதை மக்களுக்கு விளக்கச் செலவாகியிருக்குமாயின் நன்று.

ஆறு வேகம் இழந்து குளத்திலே நுழைந்தவுடன் வண்டல் அடியிலே படிகின்றது. நின்ற நீரிலே ஒளி இறங்கும் ஆழம் மட்டும் நுண்பாசி பெருகும். அவற்றுள் சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் இனம் ஆற்றின் சிலிக்காவைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு இறந்து சேற்றிலே அமரும். ஆகவே மதகால் வெளியேறுவது வண்டலும் சிலிக்காவும் குறைந்த நீர். அது வயலுக்குச் சென்று உரத்தின் மிச்சத்தைச் சுமந்துகொண்டு வடிகின்றது. பகலெல்லாம் பாசி ஒட்சிசனை வெளியிடும். இரவிலே அதுவும் சுவாசிக்கும், மீனும் சுவாசிக்கும், அடிச்சேற்றிலே அழுகலை உண்ணும் நுண்ணுயிரும் சுவாசிக்கும். காற்று அசையாத இரவு கழிந்த விடியலிலே சில குளங்களில் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாய் பிளந்து தத்தளிப்பதற்குக் காரணம் இதுவே. யாரோ நஞ்சிட்டான் என்று ஊர் பேசும். சில வேளை அது உண்மையுமாகலாம். பல வேளை நஞ்சிட்டது மூச்சுத்திணறலே.

பாசி மிகுவதற்குத் திறவுகோல் எது? 1973இல் கனடாவிலே டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதிக்கு அவற்றோடு பொசுபரசும் சேர்த்தனர். பொசுபரசு பெற்ற பாதி பச்சையாயிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது. வானத்திலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தைப் பார்த்த மாணவனுக்கு, வயலிலிருந்து வடியும் நீர் வெறும் நீரன்று என்பதை ஒருமுறைக்கு மேற் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே எதிர்வாதிக்கு எமது மறுமொழி இது: கொடுத்தது எடுத்ததே அன்று. கொட்டியாரக் குடா இழந்தது மலைநாட்டு வண்டலும் சிலிக்காவும் கலந்து, கச்சான் மாதத்திலே வந்த நீர். தம்பலகாமக் குடா பெறுவது உரமும் மருந்தும் கலந்து, வயல் வடிக்கும் நாளிலே வருகின்ற நீர். வேறு இடம், வேறு காலம், வேறு பொருள்.

நாம் ஊகத்திலே பேசவில்லை. நைல் நதி முகத்திலே எகிப்திய மீனவர் 1962இல் ஏறத்தாழ 18,000 தொன் மத்தி மீன் பிடித்தனர். அஸ்வான் பேரணை 1964 முதல் வெள்ளத்தைத் தடுத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அத்தொகை ஆயிரம் தொன்னுக்கும் கீழே விழுந்தது. நாசரின் அணை ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வீரச் செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் மத்தி மீன் அரசியல் பார்த்து வருவதில்லை. இன்னொன்றையும் இப்பத்திரிகையின் வாசகர்முன் சொல்லியே ஆகவேண்டும். சோவியத் திட்டக்காரர் 1960களில் அமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பினர். பாலைவனத்துக் கடலிலே போய் ஆவியாகும் நீர் வீண் என்பதே அவர்களது கணக்கும். உலகின் நான்காவது பெரிய ஏரியாகிய ஏரல் கடல் வற்றியது; மொய்னாக் துறைமுகத்தின் மீன்பிடிக் கப்பல்கள் மணலிலே துருப்பிடித்தன. இயற்கையின்மீது பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்கும் என எங்கெல்ஸ் ‘இயற்கையின் இயக்கவியலில்’ எச்சரித்திருந்தும் இது நடந்தது. உடைமை பொதுவானவுடன் ஆறு தானே அடங்கிவிடும் என்று எண்ணியோர் அந்நூலின் அப்பக்கத்தைப் புரட்டாமலே விட்டனர் போலும்.

எமது நாட்டிலோ உடைமை பொதுவுமன்று. மதகு எவன் கையிலோ அவனே வாழ்வையும் தாழ்வையும் அளக்கிறான். 2006 யூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். அரசு படைகொண்டு திறந்தது. அதைத் தொடர்ந்த சண்டையில் மூதூர் மக்கள் வீடுவாசல் விட்டு ஓடினர். நீரை ஆயுதமாக்குதல் என்று அன்று எல்லோரும் கண்டித்தோம். ஓசையின்றிக் கோப்பிலே கையொப்பமிட்டு மூடப்படும் மதகைக் கண்டிப்பார் யார்?

குளத்து மீனவன் கதையும் இவ்வாறே. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, எம்மவர் சொல்லும் ஜப்பான் மீன், கடலுக்குத் தொலைவான ஏழையின் கறிச்சட்டியை நிரப்பியது. 1990இல் சமயக் காரணம் காட்டி அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. 1994இலேதான் மீண்டும் தந்தது. அரிசிக்கு மானியத்தை அவ்வாறு ஒரே நாளில் நிறுத்த எந்த அரசாவது துணியுமா?

போகந்தோறும் நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கக் கூட்டம் நடைபெறும். நீர்ப்பாசனத் திணைக்களத்தார் இருப்பர். விவசாய அமைப்புகள் இருக்கும். காணி உடையோரும் பயிரிடுவோருமே அங்கு குரல் உடையோர். குளத்திலே வலை போடுவோனுக்கும், குளத்து வடிநீர் விழும் குடாவிலே தொழில் செய்வோனுக்கும் அங்கே உரிமையுள்ள நாற்காலி இல்லை. கந்தளாய்க் கூட்டத்திலே கிண்ணியா மீனவர் சங்கங்களுக்கும், மகாவலி நீரைப் பங்கிடும் மேசையிலே மூதூர் மீனவர் சங்கங்களுக்கும் இடந்தர வேண்டும். கச்சான் மாதங்களிலே கொட்டியாரக் குடாவை அடையவேண்டிய நீரின் அளவை நெல்லுக்குரிய அளவைப் போலவே முன்கூட்டிக் குறித்து வைக்கவேண்டும். இதுவே எமது கோரிக்கை. இதனாற் சில ஏக்கர் சிறுபோகம் குறையுமாயின், குறையும் ஏக்கர் தம்பலகாமத்துக் கடைமடை ஏழையினதாக இராமல், தலைமதகின் அருகே நிலம் குவித்தோரினதாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே கோருகின்றோம்.

அக்கூட்டத்துக்கு வெறுங்கையோடு போதலாகாது. 1865இல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் கடலின் தெளிவை அளக்க வெண்தட்டு ஒன்றைக் கயிற்றிலே கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். ஒரு வெள்ளைத் தட்டு, முடிச்சிட்ட கயிறு, ஒரு வெப்பமானி: இவற்றோடு திங்களுக்கு ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவர் பத்துப்பேரைக் குளத்தின் அலைகரைக்கும் கழிமுகத்துக்கும் அழைத்துச் செல்ல எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டாம். தோணியை மீனவர் தருவர். ஈராண்டு அளந்த ஏடு ஒன்று பத்துப் பாடசாலைகளிடம் இருக்குமாயின், அதனை மாவட்டச் செயலாளரின் மேசையிலே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.