ஆதாரைப் பார்த்தார்கள்... முகத்தைப் பார்த்தார்களா?

ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் பல தடவை எடுத்து விற்ற விவகாரம் 2022 ஜூனில் வெளியே வந்தது. பெற்ற தாய், அவளோடு குடும்பம் நடத்தியவன், புரோக்கர் பெண் என்று வரிசையாகக் கைது. போலி ஆதார் கார்டில் வயதைக் கூட்டிக் காட்டினார்கள் என்றது போலீஸ்.

சரி, கார்டு போலி. ஆளுமா போலி?

கருமுட்டை எடுப்பது ரத்த தானம் மாதிரி கால் மணி நேர வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி. நடுநடுவே ஸ்கேன். முட்டை முதிர்ந்ததும் கடைசி ஊசி. அதிலிருந்து ஒன்றரை நாளில் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே செலுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலருக்கு வயிறு வீங்கி, நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

இத்தனைக்கும் எத்தனை பேர் கை பட்டிருக்கும்! நர்ஸ், ஸ்கேன் டாக்டர், மயக்க டாக்டர்... படுத்திருப்பது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை என்று ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை? அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று பஸ் கண்டக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாரே!

குழந்தைக்கு ஏங்கி, நகையை அடகு வைத்துவிட்டு டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு வருகிற தம்பதிகளை நான் குறை சொல்லவில்லை. முட்டை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. எடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் இந்த விஷயத்தில் கறார்தான். முட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35. ஆயுளில் ஒரே ஒரு தடவை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விலை பேசக் கூடாது, புரோக்கர் கூடாது. மீறி புரோக்கர் வைத்துக்கொண்டால்? முதல் தடவை 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். இந்தச் சட்டப்படி ஜெயில், அடுத்த தடவை மாட்டினால்தான்! ஒவ்வொரு ஜோடிக்கும் லட்சக்கணக்கில் பில் போடுகிற இடத்துக்கு இது தண்டனையா, கடை வாடகையா?

முதல் தடவையே உள்ளே தள்ளும்படி சட்டத்தைத் திருத்தட்டும். கார்டு ஜெராக்ஸை வாங்கி பைலில் செருகுவதோடு நிறுத்தாமல், முதல் ஊசிக்கு முன்னாலேயே கைரேகை வைத்துச் சரிபார்க்கட்டும். ரேஷன் கடையில் இலவச அரிசிக்கே விரல் வைக்கிறோமே, சார்!