அஸ்கிரிய டெஸ்டை மறுபடி ஆடுவோமா?

பழைய அணிகளைக் கணினியில் மோதவிட்டுப் பார்க்கும் பொழுதுபோக்கு, அமெரிக்கர்களின் பேஸ்போலில் வேர்கொண்டது. 1961 இல் விற்பனைக்கு வந்த ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக், அட்டைகளையும் பகடைகளையும் கொண்டே அதைச் செய்தது. பின்னர் கணினி வந்தது. நம்மவர்கள் கிரிக்கெட்டில் இதைச் செய்யும்போது, பிராட்மனின் 99.94 ஐயும் முரளிதரனின் 800 விக்கெட்டுகளையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள். வேடிக்கைதான். அறிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை.

எளிய மோதலே நன்று: ஓர் ஆட்டம், ஒரே ஒரு மாற்றம். கண்டி அஸ்கிரிய மைதானத்தில் 1999 செப்டெம்பரில் நடந்த டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியா 188, இலங்கை 234, அவுஸ்திரேலியா 140. இலங்கை 4 விக்கெட்டுகளை இழந்து 95 ஓட்ட இலக்கை எட்டியது. அவுஸ்திரேலியாவை டெஸ்டில் நாம் வென்றது அதுவே முதல் தடவை. ஆனால் இலங்கையின் முதல் இன்னிங்ஸில் ஒரு பிடிக்காக ஓடிய ஸ்டீவ் வோவும் கில்லஸ்பியும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டனர். வோவுக்கு மூக்கு உடைந்தது, கில்லஸ்பிக்குக் கால். இருவரும் ஹெலிகொப்டரில் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்த 140, ஒன்பது பேர் துடுப்பெடுத்து ஆடிய கணக்கு.

கணினி இதை அறியாது. பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால் பதினொருவரையும் திடகாத்திரமாக இறக்கிவிடும். ஆகவே காயத்தோடு நூறு தடவை, காயமின்றி நூறு தடவை ஆடவிடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். வெற்றியின் பளபளப்புக் குறைந்துவிடுமோ என்று நம் இரசிகர் பலர் இக்கேள்வியையே தவிர்ப்பதுண்டு. எனக்கு அந்த அச்சமில்லை. விபத்துக்கு முன்னரே 188 க்குச் சுருண்ட அணியல்லவா அது!

முரளிக்கு இடும் எண்ணிலும் கவனம் தேவை. 22.72 என்ற சராசரி 1992 முதல் 2010 வரையிலான முழு வாழ்க்கைக்கு உரியது. 1999 ஆட்டத்துக்கு அவ்வாண்டு வரையிலான முரளியே வேண்டும்.

இனி என் நெடுநாள் ஆசை: அதே அஸ்கிரியவில் முரளியின் பந்துக்கு மகாதேவா சதாசிவம் துடுப்பெடுக்க வேண்டும். 1947 இல் சென்னையில் 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948 இல் பிராட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணித்தலைவர். அவர் 1977 இல் மறைந்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 இல்தான். டெஸ்ட் சராசரி கேட்கும் கட்டத்தில் அவருக்கு இட எண்ணே இல்லை. அதற்காக அவரை வெளியே நிறுத்திவிடலாகாது. முதல்தர ஆட்டங்களின் கணக்கை வைத்து ஒரு மதிப்பீட்டை இடுங்கள். அது மதிப்பீடு என்பதை முடிவுப் பலகையின் அருகிலேயே எழுதியும் வையுங்கள்.