இந்த 'இருந்தும்' எதுக்கு?

டொமினிக் ஜீவா 2021 சனவரியில கொழும்பில காலமானார். அவரைப் பற்றி எங்கட ஆக்கள் எழுதுறதுகளில ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். முடிதிருத்துற தொழிலில 'இருந்தும்' இலக்கியத்தில சாதிச்சவராம். இந்த 'இருந்தும்' எனக்குத் தொண்டையில முள்ளாய்க் குத்துது.

எஸ்பெராந்தோ மொழியை உருவாக்கின சமென்ஹோஃபைப் பாருங்கோ. அதின்ர முதல் புத்தகத்தை 1887இல வார்சோவில மாமனாரின்ர காசில அச்சடிச்சவர். பிறகு ஹாம்லெட்டையும் அந்த மொழிக்குக் கொண்டுவந்தவர். சீவியத்துக்குக் கண் வைத்தியம் பார்த்தவர். கண் வைத்தியராய் 'இருந்தும்' எழுதினார் எண்டு ஆராவது சொல்லுவினமே?

ஜீவாவுக்குக் காசு தர மாமனார் இல்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிச் சலூன்தான் இருந்தது. 1966இல 'மல்லிகை' தொடங்கேக்க அதின்ர விலாசமே அந்தச் சலூன்தான். கத்தரிக்கோல் உழைச்ச காசு அச்சுக்கூலியானது. புத்தகக் கட்டைக் கையில தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் வித்தார். 2012 வரை இதழைக் கொண்டுவந்தார். 'மல்லிகைப் பந்தல்' எண்டு பதிப்பகம் நடத்தி மற்றவையின்ர புத்தகங்களையும் போட்டார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைச்சதும் சலூனில நிண்ட காலத்திலதான்.

அப்ப தொழில் அவருக்குத் தடையோ? அதுதான் முதல். தடையாய் நிண்டது எங்கட சாதித் திமிர். பள்ளிக்கூடத்தில சாதி சொல்லி அவமானப்படுத்தினதால படிப்பை விட்டவர் அவர். 'இருந்தும்' எண்டு எழுதேக்க பழியைக் கத்தரிக்கோலில போட்டிட்டு நாங்கள் நைசாய்த் தப்பிப் போறம்.

பாராட்டித்தானே சொல்லுறம் எண்டு கேட்பியள். ஒருத்தரை மட்டும் தூக்கி மேல வைக்கிற பாராட்டு, அவரின்ர மற்றச் சனம் கீழதான் எண்டும் சேர்த்துச் சொல்லுது.

இங்க சென்ட் லோரன்ட்டில ஊரில ஆக்களுக்குச் சிரட்டையில தண்ணி வாத்த வீட்டுப் பிள்ளையளும் கோப்பை கழுவினம். பல்கலைக்கழகத்தை இடையில விட்டிட்டு வந்த நானும் றெஸ்ரோறன்ற் கிச்சினிலதான் நிக்கிறன். எங்களைக் கோப்பை கழுவுற சாதி எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. வேலை எண்டுதான் சொல்லுவினம். எங்களுக்கு வந்தால் வேலை, ஜீவாவுக்கு மட்டும் சாதியோ?

இனி அவரைப் பற்றி எழுதுறவை இப்பிடி எழுதுங்கோ: முடிதிருத்துநர், எழுத்தாளர், பதிப்பாளர். நடுவில ஒரு காற்புள்ளி காணும்.