இல்லமும் உடல்நலமும்: பந்தெறியும் பிஞ்சுக் கை

கீரிப்பாறையிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ள கடிதத்திற்கே இம்மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுகிறேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. பதின்மூன்று வயதான மூத்த மகள், பள்ளியின் சாப்ட்பால் அணியில் பந்தெறிபவள். அணியில் நன்றாகப் பந்தெறியத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானாம். இரண்டு நாட்களில் நடந்த நான்கு ஆட்டங்களிலும் அவளே எறிந்திருக்கிறாள். அதற்குப்பின், தலை பின்னுவதற்குக் கையை உயர்த்தும்போதெல்லாம் முனகுகிறாள். “தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்” என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த போட்டிக்கு மூன்று வாரமே இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும், பிறகு அரசு வேலையும் கிடைக்கலாம் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. “அனுப்பட்டுமா, நிறுத்தட்டுமா?” என்று கேட்கிறார் தாயார்.

சகோதரி, நிறுத்துங்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியரிடம் தாங்கள் எடுத்துரைப்பதற்கு அது உதவும்.

மென்பந்தாட்டத்தில் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறிவதில்லை. கையை ஒரு முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே விடுகிறார்கள். கீழிருந்து எறிவது உடலுக்கு இயல்பானது, ஆகவே எத்தனை பந்து எறிந்தாலும் தோளுக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்து வந்தது. இன்றும் பல பயிற்சியாளர்கள் அப்படியே நம்புகிறார்கள். அளந்து பார்த்தவர்களோ வேறு விதமாகக் கண்டார்கள். அந்தச் சுழற்சியின் வேகத்தில், எறிபவரின் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விசை, கையைத் தோள் மூட்டிலிருந்து வெளியே பிடித்திழுக்கிறது. நாற்பது கிலோ எடையுள்ள சிறுமியின் தோளில் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு, ஒவ்வொரு பந்துக்கும்! தோளின் முன்புறத்தில், புயத்தசையின் நாண் எலும்பைப் பற்றும் இடத்தில் முதலில் வலி தோன்றுவது இதனால்தான்.

வளர்ந்தவர்களுக்கு நாணும் தசையும் நோகும். பிள்ளைகளுக்கோ இன்னொரு ஆபத்தும் உண்டு. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல், தோளருகே உள்ள ஒரு குருத்தெலும்புத் தட்டிலிருந்தே நிகழ்கிறது. பதினாறு, பதினேழு வயதளவில் அது கெட்டி எலும்பாகும் வரை, அந்த எலும்பில் மிகவும் வலுக்குறைந்த இடம் அதுதான். மீண்டும் மீண்டும் இழுபட்டால் அந்தத் தட்டு விரிந்து புண்படும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் சிறுவர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள், 1953ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். தைலத்தால் தோல் சூடேறும், வலி சற்று மறையும், தட்டு ஆறாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுவது அதைவிடக் கெடுதல். ‘நிறுத்து’ என்று உடல் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்யும் வேலை அது.

தாங்கள் தொழிலில் அறிந்திருப்பதையே நினைவூட்டுகிறேன். ஒரு ரப்பர் மரத்தில் எப்போது கத்தி வைக்கிறீர்கள்? நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டு கழித்து, தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வந்த பிறகே அல்லவா? அதன்பின்பும் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்ட நாளோ மூன்றாம் நாளோதான் வெட்டுகிறீர்கள். பேராசைப்பட்டு அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு, சிரட்டையில் பால் விழாமல் போய்விடும். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் நிலத்திற்கே ஏழாம் ஆண்டில் ஓய்வு விதிக்கிறது. மரத்துக்கும் மண்ணுக்கும் நாம் மறுக்காத ஓய்வு, பதக்கம் வாங்கும் பிள்ளைக்கு மட்டும் ஏனோ மறுக்கப்படுகிறது.

வீரக்கதைகளும் இதற்கு ஒரு காரணம். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உஎனோ இரண்டே நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் எறிந்து, தம் நாட்டிற்குத் தங்கம் பெற்றுத் தந்தார். உலகமே வியந்தது. வியக்க வேண்டியதுதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 26. எலும்பு முழுமையாக முற்றிய, பல்லாண்டுப் பயிற்சியால் உரமேறிய உடல். அந்தக் கணக்கை எட்டாம் வகுப்புச் சிறுமிக்கு முன்மாதிரியாக வைப்பவர், தாம் செய்வது இன்னதென்று அறியாதவர்.

பேஸ்பாலில் சிறுவர் எத்தனை பந்து எறியலாம் என்பதற்கு லிட்டில் லீக் என்னும் அமைப்பு 2007 முதல் வயதுவாரியாக வரம்பு விதித்து, எண்ணி வருகிறது. மென்பந்தில் அத்தகைய எண்ணிக்கை அவ்வளவு பரவவில்லை. எனினும் விளையாட்டு மருத்துவர்கள் ஓர் அளவு கூறியிருக்கிறார்கள்: 13, 14 வயதில் ஓர் ஆட்டத்திற்கு 80 பந்து, ஒரு நாளைக்கு 115 பந்து, தொடர்ந்து மூன்றாம் நாளும் ஆட நேர்ந்தால் 80க்கு மேல் கூடாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் மூன்றாம் நாள் எறியவே கூடாது. பயிற்சியில் எறிவதும் கைக்குப் பாரமே. வீட்டில் தண்ணீர்க் குடம் சுமப்பதும், தாய்க்கு உதவியாகப் பால் வாளி தூக்குவதும் அதே தோள்தான் என்பதை மறக்கலாகாது.

எண்ணிக்கையை விட முக்கியமானது களைப்பு. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கை களைத்த பின்னும் வழக்கமாக எறிந்து வந்த பேஸ்பால் இளைஞர்கள் அறுவை சிகிச்சை வரை செல்லும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் 36 மடங்கு என்று கண்டார்கள். ஆண்டில் எட்டு மாதத்திற்கு மேல் எறிந்தவர்களுக்கு அது 5 மடங்கு. பந்தின் வேகம் குறைவது, குறி தவறுவது, எறிந்தபின் தோளைப் பிடித்துக்கொள்வது, இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க மறுப்பது ஆகியவை தாய் கண்ணில் படக்கூடிய அடையாளங்கள். பிள்ளை வாயால் சொல்லமாட்டாள். அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் அவளுக்கு.

இனிச் செய்ய வேண்டியது: பந்தெறிவதை இன்றே நிறுத்திவிட்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரு தோள்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வளர்ச்சித் தட்டில் கோளாறு என்றால் மூன்று மாத அளவு ஓய்வு தேவைப்படலாம். பெரும்பாலான பிள்ளைகள் ஓய்வுக்குப்பின் மீண்டும் நன்றாகவே ஆடுகிறார்கள். அந்த நாட்களில் அவள் ஓடலாம். கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கு உடற்பயிற்சி செய்யலாம். பந்தின் விசை பெரிதும் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருவது; அவை தளர்ந்தால்தான் தோள் தனியாக உழைக்கிறது. திரும்பும்போது குறைந்த தூரத்தில், குறைந்த பந்துகளில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும்.

ஆசிரியரைக் குறை கூற வேண்டாம். ஒரே ஒருத்தியை நம்பி அணி நடத்துவது அவருக்கும் இடர்தான். இன்னும் இரு சிறுமிகளுக்குப் பந்தெறியப் பழக்கும்படி பணிவாகக் கேளுங்கள். மருத்துவரின் சீட்டைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு எளிதாக முடியும். இடஒதுக்கீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அப்போது சான்றிதழோடு நலமான தோளும் வேண்டும். அதுவரை பாடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

திருவிழாவையொட்டி விளையாட்டுப் போட்டி நடத்தும் பங்கு இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே நாளில் சிறுவர் அணிக்கு மூன்று ஆட்டம் வைக்காதீர்கள். கோப்பையை இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தால் புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாகத் தங்கள் மகனைப் பற்றி. பதினோரு வயதில் டென்னிஸ் பந்தில் வேகமாக வீசுகிறான், பயப்பட வேண்டுமா என்கிறீர்கள். பயம் வேண்டாம், கணக்கு வேண்டும். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் 13 வயது வரையிலான வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு வீச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. கிரிக்கெட்டில் தோளை விட முதுகெலும்புக்கே சேதம் அதிகம். கீழ்முதுகில் வலி என்றால் உடனே நிறுத்துங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இருபது வயதளவு வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர்தான். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார். மகனுக்கு அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாலை வரை அவனே வீசிக்கொண்டிராமல், மட்டையையும் சற்று நேரம் அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.