நடந்து கொடுத்தால் விளையாடியதாகுமா?

‘போகிமான் மிஸ்டரி டஞ்சன்: ரெஸ்க்யூ டீம் டிஎக்ஸ்’ (2020) என்ற மறு ஆக்கம் தானே நடக்கும் வசதியைத் தந்து, 2005 மூலத்தின் ரோக்லைக் (ஒவ்வொரு முறையும் மாறும் நிலவறைகளில் முறைவைத்து ஆடும் வகை) உயிரையே கொன்றுவிட்டது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று: அந்த வசதி நடக்க மட்டும்தான் செய்யும். எதிரி கண்ணில் பட்டதும் நின்றுவிடும். சண்டையை யார் போடுவது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரா?

இரண்டு: ‘டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப்’ என்ற ரோக்லைக்கில் ஒரே விசையை அழுத்தினால் தளத்தைத் தானே சுற்றிப் பார்க்கும். அதை எளிய ஆட்டம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ரோக்லைக்கின் கஷ்டம் தாழ்வாரத்தில் கட்டம் கட்டமாக நடப்பதிலா இருக்கிறது? பசி ஏறும்போது எந்தப் பொருளைச் செலவழிப்பது, எப்போது படியிறங்குவது என்பதில் இருக்கிறது.

மூன்று: பிடிக்காவிட்டால் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

குறை சொல்ல ஆசையா? மூலத்திலிருந்த சாதாரண அடியையே நீக்கிவிட்டார்களே, அதைக் கேளுங்கள்.